சிரட்டைக் கரியும் சிவப்பு நாற்காலியும்

என்னை ஓர் இடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரால் முடியவில்லை. ஆறாம் வகுப்போடு எழுந்து வந்துவிட்டேன். முதலாளியால் முடியவில்லை, பின்னாளில் அவருடைய கடையையே நான் வாங்கிக்கொண்டேன். முதுகு பிடித்துக்கொண்டபோது டாக்டர் இரண்டு வாரம் படுத்திருக்கச் சொன்னார். அந்த வாரமே பசாரில் நின்று தேங்காய் உரித்தேன். அப்படிப்பட்டவனை, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்து வாசலில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், சனிக்கிழமை தவறாமல் காலையிலிருந்து மாலை வரை உட்கார வைத்தவள் என் கடைசி மகள்.

காரணம் ஒரு சட்டம். வார இறுதியில் ஆய்வுக்கூடத்தில் யாரும் தனியாக வேலை செய்யக்கூடாது. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இன்னோர் ஆள் இருந்தாக வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால் வெளியே இருப்பவர் கத்த வேண்டும் அல்லவா, அதற்கு. மகளோடு முதுகலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மற்ற நாட்களில் ஆய்வுக்கூடத்து உலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் இவளுக்குக் கிடைத்தது சனிக்கிழமை. துணைக்கு ஆள் இல்லை. அவளுடைய பேராசிரியை ஒரு மலாய் அம்மா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாச்சிக், கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருங்கள். எதையும் தொடாதீர்கள். தூங்கிவிடாதீர்கள்" என்றார் மலாயில். பாச்சிக் என்றால் பெரியவரே என்று அர்த்தம்.

"நான் தூங்குகிற ஆளாக இருந்தால் என் மகள் இங்கே படித்திருக்க மாட்டாள்" என்று அதே மலாயில் திருப்பிச் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எந்தப் பாஷையிலும் பதில் வரும்.

ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பதில் பேசுவதற்கு அங்கே ஆளே இல்லை என்று. நீளமான நடைவழி. ஏசிக் குளிர். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தீயணைப்புக் கருவி, நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள், வெள்ளைக் கோட்டும் கண்ணை மூடுகிற பெரிய கண்ணாடியுமாக. உலையைப் போட்டுவிட்டால் அது சூடேறி, நின்று எரிந்து, ஆறி முடிக்கும்வரை அவளால் அதை விட்டுப் போக முடியாது. அவள் போகாதவரை நானும் போக முடியாது. நான் கழிவறைக்குப் போனால்கூட அவள் வேலையை நிறுத்தி வெளியே வந்து நிற்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவனுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று சர்க்கரை வியாதி உள்ளவனுக்குத்தான் புரியும். காலையில் ஒரு வாய்த் தேநீர் குடிப்பதற்கே யோசிக்க ஆரம்பித்தேன்.

இனி நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் டவுன் பசாரில் தேங்காய் வியாபாரம். பைராம் தோட்டத்திலிருந்து ஒரு மாற்றுச் சட்டையோடு வந்தவன். முதலில் உரித்துக் கொடுக்கிற கூலி, பிறகு துருவுகிற கூலி, பிறகு முதலாளி. எங்கள் பசாரில் பால் பிழியும் மெஷினை முதலில் இறக்கியவன் நான். சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் கொதிக்கிற கறியில் பாதி என் தேங்காய்ப்பாலில்தான் கொதிக்கிறது. தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் வீதியில் உடைக்கிறார்களே, அந்தத் தேங்காய்களும் லோரி லோரியாக என்னிடமிருந்துதான் போகின்றன. தமிழரும் உடைப்பார்கள், சீனரும் உடைப்பார்கள். எல்லாருக்கும் நான்தான் தேங்காய்.

மகளின் ஆராய்ச்சியும் தேங்காயிலிருந்துதான் வந்தது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லத் தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் படாமல் உலையில் வைத்து எரித்தால் கரி கிடைக்கும். அந்தக் கரியைச் சாயத் தண்ணீரில் போட்டால் கரி சாயத்தை உறிஞ்சும். பாத்தேக் துணிக்குச் சாயம் போடுகிற பட்டறைகள் நீலத்தையும் சிவப்பையும் அப்படியே ஆற்றில் விடுகின்றன. அதைச் சுத்தப்படுத்த இந்தக் கரி உதவுமா என்று பார்ப்பதுதான் வேலை. உறிஞ்சினால் வெற்றி, உறிஞ்சாவிட்டால் தோல்வி. எனக்கு இது பிடித்திருந்தது. படிக்காதவனும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய படிப்பு.

முதல் சிரட்டை தைப்பூசத்துச் சிரட்டை. ரதம் கடந்து போன பிறகு, வெயில் ஏறிய நேரத்தில், நானும் மகளும் வீதியில் இறங்கிப் பொறுக்கினோம். செருப்பு முழுகத் தேங்காய்த் தண்ணீர். நகராண்மைக் கழகத்து ஆட்கள் மண்வாரியால் அள்ளிக் குப்பை லோரியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குப்பைக்குப் போவது என் மகள் படிப்புக்குப் போகட்டுமே என்று சாக்கு சாக்காக நிரப்பினேன். வீட்டு முன்னால் சிமெண்டுத் தரையில் பரப்பிக் காயவைத்து, மண்ணைத் தட்டிவிட்டு, அவள் எடுத்துப் போனாள்.

அந்தக் கரி என்ன செய்தது தெரியுமா. மையைப் போல இருந்த நீலத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிவிட்டது. மகள் அந்தப் பாட்டிலைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் அதைப் பசார் முழுக்கக் காட்டினேன். கோயில் கமிட்டியில் காட்டினேன். பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகளுக்குக் கோயிலில் பொன்னாடை போடும் விழா ஒன்று உண்டு. அடுத்த விழாவில் முதல் பொன்னாடை என் மகளுக்கு என்று நானே மேடையில் சொல்லிவிட்டேன். ஏன் சொல்லக்கூடாது? கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னேன்.

பேராசிரியை மட்டும் அவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்படவில்லை. "ஒரு தடவை வந்தால் அது அதிர்ஷ்டம். மூன்று தடவை வந்தால்தான் ஆராய்ச்சி. திரும்பச் செய்" என்றாராம்.

திரும்பச் செய்தாள். வரவில்லை.

தைப்பூசத்துச் சிரட்டை தீர்ந்து போயிருந்தது. என் கடைச் சிரட்டையைக் கொடுத்தேன். அதே தேங்காய், அதே லோரி, அதே வியாபாரி. கரி வந்தது, ஆனால் சாயத்தைக் கொஞ்சம்தான் உறிஞ்சியது. தண்ணீர் நீலமாகவே நின்றது. சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். சிரட்டையைப் பொடியாக இடித்தாள், பெரிதாக உடைத்தாள். ஒரு பருவம் போனது. கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கினாள். அதிலும் பாதி போனது. இந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் அவள் பெயரை எடுத்துவிடும். அதற்கு மேல் அவகாசம் கிடையாது, பட்டமும் கிடையாது. முதல் முடிவை எழுதாமல் விடவும் முடியாது, ஏனென்றால் அதை ஒரு மாநாட்டில் சொல்லியாகிவிட்டது. எழுதினால் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் பதில் இல்லை.

இந்த நிலையில்தான் நான் சிவப்பு நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது ஜன்னல் ஓரத்துப் பாட்டில்கள்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் போன வாரத்துக் கரியைச் சாயத்தில் போட்டு அங்கே வைப்பாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீலம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பேன். நீலம். கண்ணை மூடித் திறந்து பார்ப்பேன். அவள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

என் வழக்கம் வேறு. ஒன்று நடக்கவில்லையென்றால் ஆளை மாற்று, சரக்கை மாற்று, இல்லாவிட்டால் கடையையே மாற்று. அப்படித்தான் இந்த அளவுக்கு வந்தேன். பாகான் டாலாமில் என்னோடு தொழில் செய்கிறவரிடம் சொல்லி இந்தோனேசியத் தேங்காய் எடுத்தேன், நிபோங் திபால் பக்கத்துத் தேங்காய் எடுத்தேன். எல்லாம் நீலம். கடைசியில் பேராசிரியையிடமே போய், "அந்த உலை பழசாக இருக்கலாம். புதிதாக ஒன்று என்ன விலை என்று சொல்லுங்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்றேன்.

"உலையில் குறை இல்லை, பாச்சிக்."

"அப்படியென்றால் தேங்காயிலா?"

"தெரியவில்லை. தெரியாததால்தான் இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்."

தெரியாது என்று இவ்வளவு தைரியமாகச் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பசாரில் அப்படிச் சொன்னால் மறுநாள் கடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பசாரில் வேறு தொல்லை. என் கடைக்குப் பக்கத்தில் காய்கறி விற்கிறவன், என்னைவிடச் சின்னவன், வாய் மட்டும் பெரிசு.

"என்னா அண்ணே, பொண்ணு முடிச்சிருச்சா?"

"அடுத்த மாசம்லா."

"போன மாசமும் இதைத்தானே சொன்னீங்க."

"ஆராய்ச்சின்னா உன் கீரை மாதிரியா, காலையில வந்து மத்தியானம் வாடிப் போறதுக்கு?"

"கீரை வாடுனா ஆட்டுக்காவது போடலாம். நீங்க போஸ்டர்ல பேரே போட்டுட்டீங்களே."

உண்மைதான். விழா போஸ்டரில் மகள் பெயர் முதலில் அச்சாகியிருந்தது. போஸ்டர் ஒட்டிய வழியாகக் கோயிலுக்குப் போகிறபோது வேறு பக்கம் பார்த்து நடந்தேன். என் கடைக்கு வருகிற பெண்கள் அரைத்த தேங்காயை வாங்கிக்கொண்டு சும்மா போக மாட்டார்கள். மகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நானே எல்லாருக்கும் சொல்லிவைத்தது. நானே கட்டிய கூண்டு, பூட்டும் என்னுடையது, சாவி மட்டும் ஒரு கரித்துண்டிடம்.

வீட்டிலும் பேச்சு இல்லை. மகள் அறைக் கதவு மூடியே இருக்கும். என் மனைவி சாப்பாட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டு வருவாள். ஒரு சனிக்கிழமை மாலை, காரில் வரும்போது, மகள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, வராட்டி என்னா?"

"வரும்மா."

"வராட்டி?"

"வரும்னா வரும்."

"உங்களுக்கு வேற பதிலே தெரியாதாப்பா?"

எனக்கு எந்தப் பாஷையிலும் பதில் வரும் என்று சொன்னேனே. அன்றைக்கு வரவில்லை. வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. வைப்பர் மழையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இருவரும் வீடு வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் சொன்னபடி அடுத்த வாரத்துக்கான சிரட்டைகளை வீட்டு முன்னால் குழாய்த் தண்ணீரில் நான் கழுவிக்கொண்டிருந்தேன். சும்மா கழுவுவது இல்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, பிறகு ஆய்வுக்கூடத்தில் அவள் இன்னொரு தடவை அலசுவாள். மகள் கொடியில் வெள்ளைக் கோட்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி என்னைப் பார்த்தாள்.

"என்னா கழுவு கழுவுறீங்க. கல்யாண வீட்டு அண்டா மாதிரி. அன்னைக்கு தைப்பூசத்துச் சிரட்டையில நான் ஒரு சொட்டுத் தண்ணி பட விடல."

கொடியில் கோட்டு பாதி தொங்கியபடி நின்றது.

"என்னாம்மா சொன்னீங்க?" என்றாள் மகள்.

"மறந்துட்டியா? நீ குழாயத் திறந்தே. நான் வந்து மூடினேன். சாமிக்கு உடைச்சது, விபூதி குங்குமத்தோட இருக்கு, அதக் கழுவி சாக்கடையில விடுவியான்னு கேட்டேன். சரிம்மான்னு பல்லு விளக்குற பிரஷ்ல மண்ண மட்டும் தட்டி எடுத்துட்டுப் போனியே."

மகள் ஈரச் சிமெண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பைப்பை மூடினேன்.

"நான் கழுவினேன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அதுக்கப்புறம் எல்லாத்தையும் கழுவினேன். அதனால அதையும் கழுவினதாவே மனசுல இருக்கு. அது அழுக்குன்னு எனக்குத் தோணவே இல்லப்பா."

எப்படித் தோன்றும்? ஒரு சீனப் பிள்ளையோ மலாய்ப் பிள்ளையோ அந்தச் சிரட்டையைப் பொறுக்கியிருந்தால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கும். எங்கள் வீட்டில் விபூதி அழுக்குக் கணக்கில் வராது. தார், இலை, எறும்பு எல்லாவற்றையும் கவனமாக எடுத்துவிட்டு, சாமி பூச்சை மட்டும் என் மகள் அப்படியே உலைக்குள் அனுப்பியிருக்கிறாள். படித்த கையாக இருந்தாலும் வளர்ந்த வீடு கையில் இருக்கும்தானே.

எனக்கு விஷயம் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. "அப்ப விபூதிதான்" என்றேன்.

"தெரியாதுப்பா."

"என்னா தெரியாது? போட்டதுல வந்துச்சு, போடாததுல வரல. இதுக்கு மெஷின் வேணுமா?"

"அப்பா, கழுவாட்டி விபூதி மட்டுமா ஒட்டியிருக்கும்? ரோட்டுல தேங்காத் தண்ணியிலதான் அது கெடந்துச்சு. குங்குமம் இருக்கு, சூடம் இருக்கு, மண்ணு இருக்கு. எது பண்ணிச்சின்னு பாக்கணும்."

மறுநாள் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாளாம். அவரோ சிரட்டை வீதியில் எவ்வளவு நேரம் கிடந்தது, எப்படிக் காய்ந்தது என்று கேட்டு, காகிதத்தில் மூன்று வட்டம் போட்டுக் கொடுத்தாராம். விபூதி குங்குமம் பூசிய சிரட்டை ஒன்று, தேங்காய்த் தண்ணீரில் ஊறிக் காய்ந்தது ஒன்று, எதுவும் இல்லாமல் கழுவியது ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று தடவை. பருவம் முடிய எஞ்சியிருந்த நாட்களுக்காக மற்ற மாணவர்களிடம் பேசி உலையை வார நாட்களிலும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த தைப்பூசம்வரை காத்திருக்க வழியில்லை. அதனால் தைப்பூசத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதற்குக் குறுக்கே நின்றவள் என் மனைவி.

"சாமிக்கு இல்லாம சும்மா தேங்கா உடைக்கக் கூடாது. அதுவும் வீட்டு வாசல்ல."

"நம்ம பொண்ணு படிப்பு முடியணும்னு வேண்டிக்கிட்டு உடை. அது சாமிக்குத்தானே" என்றேன்.

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. தட்டில் சூடம் ஏற்றி, மஞ்சள் குழைத்து, விபூதி குங்குமம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் விபூதி பூசுகிற முதல் குவியலில் தேங்காய்த் தண்ணீர் படக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். அதனால் தேங்காய்க் கண்ணைக் குத்தித் தண்ணீரைத் தனியே வடித்துவிட்டு வைத்திருந்தேன். மனைவி ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"தண்ணி இல்லாத தேங்காய உடைச்சா சாமி என்னா நெனைப்பார்?"

"அவருக்கு ஆராய்ச்சி புரியும்மா" என்றாள் மகள்.

"அது யாருக்கு?" என்று, முதல் குவியலுக்குப் பூசி முடித்துவிட்டு, இரண்டாவது குவியலைக் காட்டினாள்.

"அதுவும் அவருக்குத்தான். விபூதி மட்டும் வேணாம்" என்றேன்.

"வேணாம்னு சாமி சொன்னாரா, உங்க பொண்ணு சொன்னாளா?"

"பேராசிரியை சொன்னாங்கம்மா."

"அவங்க மலாய்க்காரங்க. அவங்களுக்கு விபூதியப் பத்தி என்னா தெரியும்?"

"தெரியலன்னுதாம்மா கேக்குறாங்க."

மனைவி விபூதித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதல் குவியலை உடைத்து ஒதுக்கிவிட்டு, இரண்டாவது குவியலை நான் கையில் பூச்சு எதுவும் இல்லாமல் உடைத்தேன். தேங்காயை வீசி உடைப்பதில் என்னைப் போல் ஒருத்தனைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒரே அடியில் நாலாகச் சிதறியது. எதிர்வீட்டுச் சீனர் வெளியே வந்து, என்ன விசேஷம் என்று கேட்டார். "பரீட்சை" என்றேன். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு அவரும் ஓர் ஊதுபத்தி கொண்டுவந்து கொடுத்தார். மகள் பதறிப்போய் அதை வாங்கித் தூரத்தில் குத்திவைத்தாள்.

இரண்டாவது குவியலில் சிதறியதை எல்லாம், முன்பு வடித்து வைத்த தேங்காய்த் தண்ணீரோடு அண்டாவில் போட்டு ஊறவைத்து, பிறகு வெயிலில் பரப்பினோம்.

முடிவு வரும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். எனக்கு எதற்குப் பொறுமை? காரணம்தான் தெரிந்துவிட்டதே. அந்த வாரம் முழுக்க விபூதி செய்த வேலையைப் பசாரில் சொன்னேன். கோயில் கமிட்டித் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, விழாவில் இதை நீங்கள்தான் பேச வேண்டும் என்றார். பொன்னாடைக்கு முன்னால் என் பேச்சு. ஒத்துக்கொண்டேன். பரீட்சை எழுதும் பிள்ளைகள் வைத்திருக்கிற தாய்மார்கள் விபூதி பூசிய தேங்காய் இருக்கிறதா என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். காய்கறிக்காரன்கூட ஓரமாக வந்து நின்றான்.

"அண்ணே, பையனுக்கு எஸ்பிஎம் பரீட்சை. ஒண்ணு எடுத்து வைங்க."

"நேத்து வரைக்கும் சிரிச்சே?"

"சிரிப்பு வேற, பையன் வேற."

மூன்று பாட்டில்கள் ஜன்னல் ஓரத்துக்கு வந்த நாளில் நான் சிவப்பு நாற்காலியில் இருந்தேன். அது சனிக்கிழமை. மகள் ஒவ்வொன்றிலும் கரியைப் போட்டு, குலுக்கி, வரிசையாக வைத்தாள். மூன்றும் நீலம். உலைப் பக்கம் போனாள். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுப் பாட்டில் வெளிற ஆரம்பித்தது. முதலில் என் கண்ணில்தான் ஏதோ என்று நினைத்தேன். எழுந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். அதன் வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. மற்ற இரண்டும் மையாகவே இருந்தன.

நான் கண்ணாடியைத் தட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலைக் காட்டினேன். போய்ப் பார்த்தாள். என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கதவைத் திறந்து நடைவழிக்கு வந்தாள்.

"விபூதிதானே?" என்றேன்.

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"தேங்காத் தண்ணிப்பா. விபூதி ஒண்ணுமே பண்ணல. சும்மா கழுவின சிரட்டை மாதிரிதான் இருக்கு."

"சரியாப் பாத்தியா?"

"இன்னும் ரெண்டு தடவை பாக்கணும். ஆனா அதேதான். தேங்காத் தண்ணியில இருக்கிற உப்பு, சூட்டுல கரியை அரிச்சுப் பொடிப் பொடி ஓட்டையாக்கிருக்கு. அந்த ஓட்டையிலதான் சாயம் போய் அடையுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க என் கடையில் ஒவ்வொரு தேங்காயையும் உடைத்தவுடன் சாக்கடையில் ஊற்றியது அந்தத் தண்ணீரைத்தான். துருவுவதற்கு முன்னால் சிரட்டையை அலசச் சொல்லி வேலைக்காரர்களைத் திட்டுகிறவனும் நான்தான். எங்கள் கடை சுத்தமான கடை என்று பெயர் வாங்கியதே அதனால்தான். மகளின் சனிக்கிழமைகளை எல்லாம் என் சுத்தம்தான் தின்றிருக்கிறது. அதற்காகச் சுத்தம் தப்பு என்று சொல்ல மாட்டேன். வியாபாரத்துக்குச் சுத்தம் வேண்டும்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன்" என்றாள். "கோயில்ல விபூதின்னு மட்டும் பேசாதீங்க. பேசினா நான் மேடைக்கு வரமாட்டேன்."

திங்கட்கிழமை பசாரில் ஒவ்வொருவரிடமும் தண்ணீர் என்று திருத்திச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. "தண்ணிக் கதைய விடுங்கண்ணே, விபூதிக் கதைதான் நல்லாருந்துச்சு" என்றான் காய்கறிக்காரன். தாய்மார்கள் விபூதித் தேங்காயைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இல்லை என்றால், யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். விற்றிருந்தால் ஒரு நல்ல வியாபாரம் பார்த்திருக்கலாம். எனக்கு அது தேவையில்லை. கமிட்டித் தலைவரிடம் போய், நான் தேங்காய்த் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவேன் என்றேன். "தேங்காத் தண்ணியும் சாமி குடுத்ததுதானே, அப்படி இழுத்துப் பேசுங்க" என்றார். இன்னும் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அதன் பிறகு மகள் இரண்டு தடவை செய்து பார்த்தாள். மூன்றும் ஒன்றுபோல வந்தது. எழுத ஆரம்பித்தாள். அறைக் கதவு மறுபடி மூடியது, ஆனால் உள்ளே தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. ஸ்டூலில் வைத்த சாப்பாட்டுத் தட்டு காலியாகத் திரும்பியது.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளில்தான் கொடுத்தாள். நான்தான் ஓட்டிப் போனேன். கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். வெறுங்கையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"குடுத்தாச்சு. இன்னும் வைவா இருக்குப்பா. கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேப்பாங்க."

"பேச்சுத்தானே. பேச்சு நம்ம வீட்டுக்கு வராதா?"

திரும்பிப் பார்த்தேன். சீட்பெல்ட்டைப் பாதி இழுத்துக் கையில் பிடித்தபடியே தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. விரல் நகங்களின் ஓரத்தில் இன்னும் நீலம்.

கியரைப் போட்டால் என் பழைய கார் ஒரு குலுக்குக் குலுக்கும். அதனால் போடவில்லை. எஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. போன் அதிர்ந்தது, பசாரிலிருந்து. காய்கறிக்காரன் செய்தி அனுப்பியிருந்தான்: "அண்ணே, விபூதித் தேங்கா கேட்டு ரெண்டு பேர் நிக்கிறாங்க, என்னா சொல்ல?" போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். காலையில் வாய் நிறையத் தேநீர் குடித்திருந்தேன், வேலை சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கையில். அது இப்போது தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

எதிரே ஆய்வுக்கூடக் கட்டடம். கீழே இறங்கினால் கதவுச் சத்தத்தில் எழுந்துவிடுவாள். கால்களை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.